கை இறங்கும் வரை

2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 15ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. கோயம்புத்தூரில் விடியற்காலை முதல் தூறல் விடவில்லை. மேற்கே மலைகள் இருந்த இடத்தில் வெண்மை மட்டுமே இருந்தது.

அறுவை அரங்கின் தாழ்வாரத்தில் மருத்துவர் கோமதிநாயகம் தம் ஆசிரியரிடம் கேட்டார்.

"மேடம், தூங்குறவங்களுக்கே எத்தனை நாள் குழாய் போடுறது? முழிச்சிருக்கிறவங்களுக்கு எப்போ?"

ஆசிரியர் மெர்லினுக்கு முப்பத்தொன்பது வயது. மாணவருக்கு நாற்பத்தேழு.

அந்தத் துறையில் இது புதுமையன்று. மயக்க மருத்துவராகப் பல்லாண்டுகள் பணியாற்றியவர்கள், மூச்சுப் பாதையை மட்டும் தனியே கற்பதற்காக ஓராண்டு விடுப்பெடுத்து வருவதுண்டு.

கோமதிநாயகம் தென்காசிப் பக்கத்துச் சிறுநகரம் ஒன்றிலிருந்து வந்தவர். நோயாளியை மயங்கச் செய்து, தசைகளைத் தளர்த்தி, வாய்வழியே மூச்சுக்குழலுக்குள் குழாயைச் செலுத்துவது அவருக்குச் சட்டைப் பொத்தானைப் பூட்டுவது போன்றது. அறுவை மருத்துவர் கையுறை அணிந்து திரும்புவதற்குள் முடித்திருப்பார்.

மயங்கச் செய்யக் கூடாத நோயாளிகளும் உளர்.

அவர்களுக்கு வாய் திறவாது, கழுத்து வளையாது. மயங்கினால் மூச்சுப் பாதை மூடிக்கொள்ளும். மூடியதைத் திறக்க வழியிராது. ஆகவே, அவர்களை விழிப்புடன் அமர்த்தி, மூக்கையும் தொண்டையையும் மரத்துப்போகச் செய்து, பென்சிலைவிட மெல்லிய, வளையும் கருவி ஒன்றை மூக்கின் வழியே மூச்சுக்குழல் வரை கொண்டுசெல்ல வேண்டும். அதன் நுனியில் ஒளியும் கண்ணும் உண்டு. அது காண்பது திரையில் தெரியும். அது சென்ற வழியே குழாய் பின்தொடரும்.

அதற்கு ஸ்கோப் என்று பெயர். கோமதிநாயகம் கேட்டது அதைத்தான்.

"பொம்மைத் தொண்டையில எத்தனை தடவை ஓட்டியாச்சு மேடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் போயிடுவேன்."

"தெரியும். நானும் பார்த்தேன்."

"அப்புறம் என்ன யோசனை?"

"யோசனை ஒண்ணும் இல்ல. நாளைக்கு ஒருத்தர் வர்றார். நீங்களே போடுங்க."

அவ்வளவு எளிதில் கிடைக்குமென்று அவர் எண்ணவில்லை.

"நான் தயார்னு நினைக்கிறீங்களா?"

"உங்க கை எப்பவோ தயார் சார்."

அதைப் பாராட்டு என்றே அவர் எடுத்துக்கொண்டார்.



மறுநாள் வந்தவர் பெயர் காளியண்ணன். நாமக்கல்லைச் சேர்ந்த லாரி ஓட்டுநர், ஐம்பத்திரண்டு வயது.

உறக்கம் வராதிருக்கப் பாக்கும் புகையிலையும் கன்னத்தில் அடக்கியபடியே வாழ்நாளின் பாதியை ஓட்டியவர். கன்னம் தோலாக இறுகியது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குச் சுருங்கியது. பிறகு அதே கன்னத்தில் புற்று வந்தது. இரண்டாண்டுகளுக்கு முன் கொடுத்த கதிர்வீச்சால் கழுத்து மரக்கட்டையாகியிருந்தது. கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்வதும் இயலாது.

கட்டியை இந்த மாதத்திற்குள் எடுக்க வேண்டும். தாண்டினால் எடுக்க முடியாது என்று அறுவை மருத்துவர் சொல்லியிருந்தார்.

எஞ்சியிருந்த வழி மூக்கு ஒன்றே.

கோமதிநாயகம் அவரருகே சென்று குனிந்தார். "பயப்படாதீங்க அண்ணாச்சி."

பற்களுக்கு இடையிலிருந்து விடை வந்தது. "எங்க பக்கம் மளிகைக் கடைக்காரரைத்தானுங்க அண்ணாச்சின்னு கூப்பிடுவோம்."

"எங்க ஊர்ல மரியாதைப்பட்ட எல்லாரும் அண்ணாச்சிதான்."

"அப்ப சரிங்க. மரியாதையை யாரு வேண்டாங்கறது?"

அந்த அறையில் மெர்லின் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று இருந்தது. கருவியைத் தொடுவதற்கு முன் அவர் நோயாளியின் முன்னால் அமர்ந்து சொல்வார்:

"ஸ்கோப் உள்ள இருக்கும்போது பேசத் தோணாது. வலது கையைத் தூக்குங்க. நாங்க நிப்போம். ஏன்னு கேக்க மாட்டோம். நீங்க கையை இறக்கினாத்தான் மறுபடியும் தொடருவோம்."

பிறகு அறையிலிருக்கும் ஒவ்வொருவரும் நோயாளியின் முகத்தைப் பார்த்து "நிப்போம்" என்று சொல்ல வேண்டும்.

"ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் கையைக் காட்டுவானே, அது மாதிரிங்களா?" என்றார் காளியண்ணன்.

"அதேதான்."

செவிலியர் சொன்னார்: "நிப்போம்."

கருவிகளைக் கவனிப்பவர் சொன்னார்: "நிப்போம்."

கோமதிநாயகம் ஸ்கோப்பின் நுனியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தபடியே அவரும் சொன்னார்: "நிப்போம்."



மூக்கு மரத்தது. ஸ்கோப் உள்ளே சென்றது.

திரையில் ஈரச் சிவப்பு, பின்பு நிழல், பின்பு நாவின் அடிப்புறம். கோமதிநாயகத்தின் கை தடுமாறவில்லை. வெளிறிய மடல் ஒன்றைத் தாண்டியதும் குரல்வளை தெரிந்தது.

காளியண்ணனின் வலக்கை உயர்ந்தது.

"ஆச்சு அண்ணாச்சி, ஆச்சு. ஒரே நொடி," என்று சொல்லிக் கோமதிநாயகம் கருவியை முன்னே தள்ளினார்.

குரல்வளை இறுக மூடியது.

இருமல் வெடித்தது. மூக்கினுள் எங்கோ குருதி கசிய, திரை முழுவதும் செம்மையாயிற்று.

நோயாளியின் விரலில் மாட்டிய கருவி, நாடி துடிக்குந்தோறும் ஓர் ஒலி எழுப்பும். உடலில் ஆக்சிஜன் குறையக் குறைய அவ்வொலி தாழும். அது தாழத் தொடங்கியது. படிப்படியாகத் தாழ்ந்தது. அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்டது.

கோமதிநாயகத்துக்குக் கேட்கவில்லை. அவர் செம்மைக்குள் வாசலைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவருடைய மணிக்கட்டின்மீது மெர்லின் கை வைத்தார்.

"எடுங்க சார்."

எடுத்தார்.

மெர்லின் காளியண்ணனை முன்னால் சாய்த்து அமர்த்தி, முகத்தில் ஆக்சிஜன் முகமூடியைப் பொருத்தி, முதுகைத் தடவினார். "மெதுவா. அவசரம் இல்ல. மெதுவா." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நெடுநேரம் கழித்து அந்த ஒலி மேலேறியது.

அன்றைய அறுவை கைவிடப்பட்டது.



தாழ்வாரத்தில் கோமதிநாயகம் சொன்னார்: "அரை அங்குலம்தான் மேடம் இருந்தது."

"யாருக்கு?"

கோமதிநாயகம் முகக்கவசத்தைக் கழற்றினார்.

"தூங்கியிருந்தார்னா உள்ள போயிருப்பேன்."

"ஆமா."

"அப்ப என் கைமேல தப்பு இல்ல."

"இல்ல."

"வேற எதுல தப்பு?"

மெர்லின் கையுறைகளைக் கழற்றிக் கூடையில் போட்டார்.

"வாங்க. டீ ஆறிடும்."



மாலையில் இருவரும் வார்டுக்குச் சென்றார்கள்.

காளியண்ணனின் மனைவி பாவாயி துணிகளை மடித்துப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?" என்றார் மெர்லின்.

"ஊருக்குத்தானுங்க. வேற எங்க போறது?"

"கட்டியை எடுக்கலைன்னா என்ன ஆகும்னு—"

"பெரிய டாக்டரு சொல்லிட்டாருங்க. சாப்பாடு இறங்காது, அப்புறம் மூச்சு இறங்காது. எது இறங்காட்டியும் எங்கூட்டுல கிடக்கட்டும்."

காளியண்ணன் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். திரும்பாமலே பேசினார்.

"எச்சில் முழுங்கறதுக்குத்தானுங்க கையைத் தூக்கினேன். ஒரு வாய் எச்சில்."

கோமதிநாயகம் முன்வந்தார். "அண்ணாச்சி, ஒரு நொடி பொறுத்திருந்தீங்கன்னா முடிஞ்சிருக்கும். வாசல்லயே இருந்தேன்."

காளியண்ணன் இப்போது திரும்பினார்.

"ஏனுங்க டாக்டர், ரோட்டுல எவனோ ஒருத்தன் கையைக் காட்டினா இருபது டன் லோடோட நான் நிப்பேனுங்க. உங்க கையில இருந்தது எத்தனை டன்னுங்க?"

பாவாயி ஒரு துண்டை உதறி மடித்தார்.

"நான் போடறேன்," என்றார் மெர்லின். "சார் தொட மாட்டார். நானே போடறேன்."

"நீங்களும் அங்கதானுங்களே நின்னீங்க?"

"நின்னேன்."

"உங்க முன்னாலதானே நடந்துச்சு?"

"ஆமா. ஸ்கோப்பை அவர் கையில கொடுத்தது நான். தப்பு என்னுது."

"அப்புறம் எதை நம்பி வரச் சொல்றீங்க?"

மெர்லின் கட்டிலின் விளிம்பில் அமர்ந்தார்.

"நாளைக்குக் காலை வரைக்கும் இருங்க. ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். பார்த்துட்டு ஊருக்குப் போறதுன்னா போங்க. நானே பஸ் ஏத்தி விடறேன்."

"என்னத்தைப் பார்க்கறது?"

"சாருக்கு ஒரு பரீட்சை இருக்கு."

பாவாயி தலை நிமிர்ந்தார். "இன்னைக்கு எங்க வீட்டுக்காரர் மேல வச்சாச்சு. நாளைக்கு யாரு மேல வைக்கப் போறீங்க?"

"என் மேல," என்றார் மெர்லின்.



படியிறங்கும்போது கோமதிநாயகம் நின்றுவிட்டார்.

"மேடம், அது வேண்டாம்."

"ஏன்?"

"என் தொண்டையில நீங்க போடுங்க. அவர் பார்க்கட்டும். அதுதான் நியாயம். நான் பண்ணினதை நான் அனுபவிக்கிறேன்."

"படிக்க வந்தது நீங்க சார்."

"நீங்க கையைத் தூக்கி, நான் நிக்கலைன்னா?"

"எனக்கு மூச்சு முட்டும்."

மழை வரும் என்று சொல்வதுபோல் அதைச் சொன்னார்.

கோமதிநாயகம் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டார். "நான் ஊருக்கே போயிடறேன் மேடம். இருபது வருஷம் ஒருத்தரும் என்னை இப்படிக் கேட்டதில்ல. எத்தனை டன்னுன்னு கேட்டுட்டார்."

"போங்க. நாளைக்குப் பரீட்சை முடிஞ்சதும் போங்க. நீங்களும் அவரும் ஒரே பஸ்ல போகலாம், உங்களுக்குக் கொஞ்சம் சுத்து, நாமக்கல் போய்த் திண்டுக்கல் வழியா."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மெர்லினும் சிரிக்கவில்லை.



பயிற்சி அறையில் ஒரு சாய்நாற்காலியும் ஒரு திரையும் இருந்தன.

காளியண்ணனைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தார்கள். பின்னால் பாவாயி நின்றார். தோளில் பை தொங்கியது. அதை அவர் கீழே வைக்கவில்லை.

மெர்லின் முன்னதாகவே மூக்கில் சொட்டு மருந்திட்டு, மரப்பு மருந்தின் ஆவியை இழுத்து முடித்திருந்தார்.

"தொண்டையே என்னுது இல்லாத மாதிரி இருக்கு," என்று அவர் காளியண்ணனிடம் சொன்னார். "உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"கசப்புன்னு சொல்லவே இல்லீங்களே. கசப்புத்தான் முதல்ல."

"ஆமா. கசப்பு. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். விரலில் கருவி மாட்டப்பட்டது. ஒலி சீராக எழுந்தது.

"சொல்லுங்க," என்றார்.

"நிப்போம்," என்றார் செவிலியர்.

கோமதிநாயகத்தின் கையில் ஸ்கோப் இருந்தது. அவர் அதைக் கீழே வைத்தார். மெர்லினின் முகத்தை நேராகப் பார்த்தார். பார்ப்பதற்குச் சிறிது நேரம் பிடித்தது.

"நிப்பேன் மேடம்."

ஸ்கோப்பை எடுத்தார். மூக்கினுள் நுழைத்தார்.

மெர்லினின் இரண்டு கண்களிலிருந்தும் நீர் வழிந்தது. மூக்கினுள் அயற்பொருள் நுழைந்தால் வழியும் நீர்தான். ஆயினும் அந்நீரைக் கண்டதும் கோமதிநாயகத்தின் விரல்கள் நடுங்கின. இருபது ஆண்டுகளில் முதல் முறையாக நடுங்கின. திரையும் நடுங்கியது.

நாவின் அடிப்புறம். வெளிறிய மடல். அதைத் தாண்டியதும் குரல்வளை.

மெர்லினின் வலக்கை உயர்ந்தது.

கோமதிநாயகம் நின்றார்.

"நின்னுட்டாருங்க," என்று பாவாயி கணவரின் காதில் சொன்னார்.

"சும்மா இரு. பிரேக் எல்லாரும்தான் மிதிப்பாங்க. வண்டி நிக்குதான்னு பாரு."

கை இறங்கவில்லை.

கோமதிநாயகத்தின் கட்டைவிரல் ஸ்கோப்பின் நுனியை வளைக்கும் விசையின்மீது இருந்தது. இன்னும் ஒரு சிறு அழுத்தம். ஒரு சிறு தள்ளல். மணிக்கட்டுக்கு வழி தெரியும். அது தானாகவே முன்செல்ல முயன்றது. அவர் அதைப் பிடித்து நிறுத்தினார்; மறுபடியும் முயன்றது; மறுபடியும் நிறுத்தினார். பிறகு அது முயலவில்லை.

கை இன்னும் இறங்கவில்லை.

செய்வதற்கு எதுவும் இல்லாமற்போயிற்று. ஆகவே அவர் பார்த்தார்.

எண்ணற்ற குரல்வளைகளைக் கண்டவர் அவர். ஒவ்வொன்றையும் கண்ட கணத்திலேயே கடந்தவர். அவர் கண்டவை யாவும் மருந்தால் தளர்ந்து, அசைவின்றித் திறந்து கிடந்தவை.

இது அசைந்தது.

தென்னங்குருத்தின் நிறத்தில் இரண்டு நாடாக்கள். ஒரு முனையில் ஒன்றுகூடி, மறுமுனையில் விரிந்திருந்தன. மெர்லின் மூச்சை இழுத்தபோது அவை விலகின. இடையே கரிய முக்கோணம் ஒன்று அகன்றது. மூச்சை விட்டபோது மெல்ல நெருங்கின. மீண்டும் விலகின. மீண்டும் நெருங்கின.

ஒருவரும் அவற்றைத் திறக்கவில்லை. ஒருவரும் மூடவில்லை. மெர்லினும் அதைச் செய்யவில்லை. அவர் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிறந்து அழுத கணத்தில் தொடங்கியது, பள்ளியில், தேர்வில், உறக்கத்தில், கோபத்தில், அவர் அறியாமலே, ஒரு முறையேனும் விட்டுவிடாமல் நடந்து, இதோ இந்த வியாழக்கிழமைக் காலையிலும் நடந்துகொண்டிருந்தது.

முக்கோணத்துக்கு அப்பால் மூச்சுக்குழல் இறங்கிச் சென்றது. வளையத்துக்குள் வளையம், அதற்குள் இன்னொரு வளையம். ஒளி எட்டும் தொலைவு வரை வளையங்கள். அதன் பின் இருள். அந்த இருளிலிருந்தும் காற்று வந்தது. அந்த இருளுக்கே காற்று சென்றது.

தம் மூச்சும் அதனோடு சேர்ந்து ஏறி இறங்குவதைக் கோமதிநாயகம் உணர்ந்தார். செவிலியர் மூச்சும் அவ்வாறே. சக்கர நாற்காலியிலிருந்து வந்த கரகரத்த மூச்சும் அவ்வாறே.

திரை நடுங்கவில்லை. எப்போது நடுக்கம் நின்றது என்பதை அவர் கவனிக்கவில்லை.

அப்போது மெர்லின் பேசினார்.

"என்ன தெரியுது சார்?"

நாடாக்கள் இரண்டும் விரைந்து கூடின. தம்பூரின் தந்திபோல் அதிர்ந்து மங்கலாயின. ஒரு சொல்லுக்கும் மறுசொல்லுக்கும் இடையே இமைப்பொழுது பிரிந்தன. மீண்டும் கூடி அதிர்ந்தன. பின்பு விலகி அமைதியாயின.

கேள்வி அவர் செவிக்கு வந்தது. அதே கணத்தில் அது பிறந்த இடத்தையும் அவர் கண்டிருந்தார்.

அவர் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

காளியண்ணன்தான் விடை சொன்னார். சக்கர நாற்காலியில் அவர் முன்னே நகர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மேடம், நீங்க பேசறது தெரியுதுங்க."

பாவாயியின் தோளிலிருந்து பை நழுவியது. அவர் அதை எடுக்கவில்லை.

மெர்லினின் கை இறங்கியது.

கோமதிநாயகம் நகரவில்லை.

"கையை இறக்கிட்டேன் சார்."

"பார்த்தேன் மேடம்."

"அப்புறம் என்ன?"

"இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கட்டுமா?"

மெர்லின் சிரித்தார். அதுவும் தெரிந்தது.



ஸ்கோப்பை வெளியே எடுத்துத் தட்டில் வைத்தபின் கோமதிநாயகம் சுவரோரம் இருந்த முக்காலியில் அமர்ந்தார்.

மெர்லின் முகத்தைத் துடைத்துக்கொண்டு காளியண்ணனிடம் வந்தார்.

"பஸ் ஏத்தி விடவா?"

காளியண்ணன் மனைவியிடம் சொன்னார்: "பையைக் கொண்டுபோய் வார்டுல வை."

பின்பு மெர்லினிடம் சொன்னார்: "எனக்கு அவரே போடட்டுமுங்க."

"நேத்து அவர் வேண்டாம்னு சொன்னீங்க. நானும் வேண்டாம்னு சொன்னீங்க."

"நேத்துச் சொன்னது நேத்தோட போச்சுங்க."

"ஏன் அவர்?"

"நீங்க செவுத்தைப் பார்த்துட்டு இருந்தீங்க. அவரு மூஞ்சியைப் பார்க்கலை. நான் பார்த்தேனுங்க."



அறுவை அடுத்த புதன்கிழமைக்குக் குறிக்கப்பட்டது.

"கசக்கும் அண்ணாச்சி," என்றார் கோமதிநாயகம் அன்று காலை. "முதல்ல கசப்பு. அப்புறம் தொண்டையே உங்களுது இல்லாத மாதிரி இருக்கும்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்க."

"அன்னைக்கு எனக்குத் தெரியாது."

எல்லோரும் காளியண்ணனின் முகத்தைப் பார்த்து "நிப்போம்" என்றார்கள்.

ஸ்கோப் மூக்கினுள் சென்றது. முன்னம் புண்பட்ட இடத்தை மெல்ல விலகிக் கடந்தது. நாவின் அடிப்புறம். வெளிறிய மடல். குரல்வளை.

கோமதிநாயகம் நின்றார்.

காளியண்ணனின் வலக்கை மடியில் கிடந்தது.

"கையைத் தூக்கலையே சார்," என்றார் பின்னால் நின்ற மெர்லின்.

"ஆமா மேடம்."

நாடாக்கள் விலகின, நெருங்கின. புகையிலையும் கதிர்வீச்சும் தீண்டிய நாடாக்கள். அவை தென்னங்குருத்தின் நிறத்தில் இல்லை, தடித்துச் சிவந்திருந்தன. எனினும் விலகின, நெருங்கின.

வாசலில் மரப்பு மருந்தைத் தெளித்தார். சிறு இருமல். பொறுத்திருந்தார். காளியண்ணன் எச்சில் விழுங்கினார். திரை ஒரு கணம் வெளுத்துப் பின் தெளிந்தது. பொறுத்திருந்தார். விரற்கருவியின் ஒலி தாழவில்லை. அதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு மூச்சு வந்து சென்றது. இன்னொன்று வந்து சென்றது.

பின்பு காளியண்ணன் தாமாகவே நெடிதாக ஒரு மூச்சை இழுத்தார். கரிய முக்கோணம் அதுவரை அகலாத அளவுக்கு அகன்றது.

கோமதிநாயகம் தள்ளினார் என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்கோப் அந்த மூச்சோடு சென்றது.

வளையம். அடுத்த வளையம். அதற்கடுத்தது.

குழாய் அதன்மேல் வழுக்கி இறங்கி நிலைகொண்டது. வெளிவரும் மூச்சின் அலைகள் பக்கத்துத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இனி மயங்கச் செய்யலாம். மருந்து ஊசியில் ஆயத்தமாக இருந்தது.

கோமதிநாயகம் அவருடைய காதருகே குனிந்தார்.

"அண்ணாச்சி, உள்ள இருக்கு. மூச்சுக்கு வழி ஆயிடுச்சு. தூங்கலாமா?"

குழாய் குரல்வளையைக் கடந்துவிட்டதால் காளியண்ணனால் இனிப் பேச இயலாது.

அவர் வலக்கையைத் தூக்கினார்.

செவிலியர் ஊசியை விட்டுக் கையெடுத்தார். வாயிலருகே நின்ற அறுவை மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். மெர்லின் தம்மைப் பார்த்ததும் அவர் கடிகாரத்திலிருந்து கண்ணெடுத்தார். குழாயில் கோளாறில்லை. மூச்சில் கோளாறில்லை. அலைகள் சீராகவே எழுந்தன.

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

காளியண்ணன் விழித்திருந்தார். மேலே விளக்கைப் பார்த்தார். தலையைத் திருப்ப இயலாததால் கண்களை மட்டும் திருப்பி, அறையில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

கோமதிநாயகம் அவருடைய மற்றொரு கையைப் பற்றியிருந்தார்.

நெடுநேரம் கழித்து அந்தக் கை இறங்கியது.



அறுவை அன்றிரவு வரை நீடித்தது. கன்னமும் தாடையின் ஒரு பகுதியும் நீக்கப்பட்டு, தொடைச் சதை ஒட்டப்பட்டது. சில நாட்களில் குழாய் எடுக்கப்பட்டது. டிசம்பர் நடுவில் காளியண்ணன் நாமக்கல் திரும்பினார். லாரி ஓட்டுவதில்லை, ஒரு பட்டறையில் டயர் வேலையை மேற்பார்வையிடுகிறார். பேச்சு குழறும், பாவாயிக்குப் புரிகிறது. நோய் இதுவரை திரும்பவில்லை.

மெர்லினுக்கு ஒரு வாரம் தொண்டை கம்மியிருந்தது. கசப்பைப் பற்றி அவர் இப்போது எல்லா நோயாளிகளிடமும் முதலிலேயே சொல்கிறார்.

கோமதிநாயகம் மறு ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தம் ஊருக்குத் திரும்பினார். வாய் திறவாத, கழுத்து வளையாத நோயாளிகளை அந்த ஊரிலிருந்து மதுரைக்கு அனுப்புவதே வழக்கமாக இருந்தது. எல்லோரும் மதுரை வரை போய்ச் சேர்ந்ததில்லை. இப்போது அனுப்புவதில்லை.